புள்ளியைத் தாண்டிய தையல்

சனிக்கிழமை காலை பத்தேகால் வண்டி கிழக்கு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியபோது, டோரீன் இன்னொரு பூவையும் கெடுத்து வைத்திருந்தாள்.

வண்டிச் சத்தம் ஜீவனஹள்ளி வரை கேட்கும். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் அதிரும். அது அடங்கும்வரை ஜோசஃபின் காத்திருந்தாள். பிறகு பூவை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

பூ படுக்கவில்லை. நடுவில் எழும்பி நின்றது. உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் மறுபடி எழுந்தது.

"இது பூவா, தொப்பியா?"

"பூதான் அண்ணி."

"தலையில வெச்சுக்கிட்டு ஊர்வலம் போகலாம் போல இருக்கு."

டோரீன் சிரிக்கவில்லை. தையல் மெஷினின் சக்கரத்தின்மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜோசஃபினின் புருஷன் பெர்னார்டின் தங்கை. பத்தொன்பது வயது. மழை முடிந்ததும் கல்யாணம்.

ஆறு மூலையுள்ள துண்டு நடுவில் ஒன்று. அதைச் சுற்றி அதே அளவில் ஆறு துண்டு. அதுதான் பூ. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் இதைக் கையால் தைக்கத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு போர்வை முடிவதற்குள் தைத்தவளுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். மெஷினில் சீக்கிரம் ஆகும். ஆனால் மெஷினுக்கு நேர்கோடு மட்டும்தான் தெரியும். மூலையை அதற்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு மூலையிலும், ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளியில் தொடங்கி, அடுத்த புள்ளியில் நிறுத்த வேண்டும். தாண்டினால் ஊசி பக்கத்துத் துண்டின் மடிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பூ தொப்பியாகிவிடும்.

"எங்கே நிறுத்தணும்?" என்று கேட்டாள் ஜோசஃபின்.

"புள்ளியில."

"அப்புறம்?"

"நூலை நீளமா விட்டு அறுத்து, பின்பக்கம் முடிச்சுப் போடணும். துண்டைத் திருப்பிப் புதுசா ஆரம்பிக்கணும்."

"எல்லாம் வாயில இருக்கு. கையில எங்கே போச்சு?"

"வரலை அண்ணி."

"ஒரு வாரமாவா வரலை?"

டோரீன் ஊசியடியில் கிடந்த நூல் துணுக்கை ஊதித் தள்ளினாள். அடுத்த துண்டை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். சக்கரம் சுழன்றது. சீராகப் போனாள். புள்ளி வந்தது. தாண்டினாள்.

ஜோசஃபின் எழுந்து சமையலறைக்குப் போய், வேலை இல்லாத ஒரு பாத்திரத்தைக் கழுவினாள்.

*

அந்த மெஷின் ஜோசஃபினுடையது. தங்கவயலிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளோடு ரயிலில் வந்தது. பித்தளைத் தட்டில் அவள் அம்மாவின் விரல் பட்டுப் பட்டு எழுத்து அழிந்திருந்தது. ஜீவனஹள்ளியில் பள்ளிக்கூடம் போகும் பெண்களில் பாதிப் பேரின் கவுன் அதில் தைத்ததுதான். வாசலில் வந்து நிற்பவர்கள் பெர்னார்ட் வீடு என்று கேட்பதில்லை. மெஷின்காரம்மா வீடு என்றுதான் கேட்பார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை பெர்னார்ட் நீலசந்திராவுக்குப் போனான். மாப்பிள்ளை டென்சிலின் அம்மா ரெஜினாம்மாளோடு கல்யாணப் பேச்சு. ரெஜினாம்மாள் பங்களாக்களுக்கு மெத்தை உறையும் திரையும் தைத்துக் கொடுப்பவள். அவளிடம் இருந்த மெஷின் வயசாகிக் கிடந்தது.

திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே பெர்னார்ட் சொன்னான்: "பொண்ணு கூட ஒரு தையல் மெஷின் வருமான்னு கேட்டாங்க. நம்ம வீட்ல இருக்கேன்னுட்டேன்."

ஜோசஃபின் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசினாள். பெர்னார்ட் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

ரெஜினாம்மாள் சும்மா கேட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. டோரீன் மெஷினில் கைதேர்ந்தவள் என்று பெர்னார்ட் அளந்துவிட்டிருந்தான். அப்படியானால் கல்யாணத்துக்கு ஒரு பூப்போர்வை தைக்கட்டும் என்றாள் அவள். கையால் வேண்டாம், மெஷினிலேயே தைக்கட்டும். இந்தச் சனிக்கிழமை வந்து பூக்களைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை.

கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். முதல் ஓலை வாசித்த பிறகு கல்யாணம் நின்றால், பெண் வீட்டார் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஆக, டோரீனுக்கு மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஜோசஃபினிடம் வந்தது. தன் மெஷின் வீட்டை விட்டுப் போவதற்கு வேண்டிய பாடத்தை அவளே நடத்த வேண்டியிருந்தது.

*

பெர்னார்ட் குளித்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது, தரையில் கிடந்த துணியைப் பார்த்து நின்றுவிட்டான்.

ஒரு கர்னல் குடும்பம் சீமைக்குக் கப்பலேறியபோது, அவர்கள் பங்களாவில் ஏலம் நடந்தது. அதில் எடுத்த திரைத்துணி அது. கெட்டித்துணி. தட்டு அகலத்துக்கு ரோஜாப்பூ. ரோஜாவுக்கு நடுவே புறா அளவுக்குக் கிளி. ஹாலுக்குத் திரை போடலாம் என்று பெர்னார்ட் ஆசை ஆசையாகத் தூக்கி வந்தான்.

இப்போது அதில் கிளி இல்லை. கிளி இருந்த இடமெல்லாம் ஆறு மூலை ஓட்டை.

"ஜன்னலுக்குத் துணி வாங்கிட்டு வந்தா, துணியிலேயே ஜன்னல் வெட்டி வெச்சிருக்கீங்களே."

"உங்க தங்கச்சி வெட்டினது" என்றாள் ஜோசஃபின்.

"ஒரு மூலையிலேர்ந்து வரிசையா வெட்டக்கூடாதா? எல்லாம் ஒரே துணிதானே?"

"இவ்வளவு பெரிய பூ போட்ட துணியை வரிசையா வெட்டினா ஒரு துண்டுல காம்பு வரும். ஒண்ணுல வெறும் பச்சை. ஒண்ணுல கிளியோட வால் மட்டும் வரும். கிளி தலை வேணும்னா தலை இருக்கிற இடத்தைத் தேடித்தான் வெட்டணும்."

"மிச்சத் துணியை என்ன பண்றது?"

"வடிகட்டப் போடுங்க."

பெர்னார்ட் கூட்ஸ் ஆபீசில் கிளார்க். அங்கே அவனிடம் இப்படி யாரும் பேசுவதில்லை. அவன் மேஜைப் பக்கம் போனான். எழும்பி நின்ற பூக்களைப் பார்த்தான். ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். அது கிண்ணம் போல் உட்கார்ந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"உங்க தங்கச்சி தைச்சது."

"சாயங்காலம் அவங்க வராங்களே."

"தெரியும்."

"நீ ஸ்வல்பம் சரி பண்ணிடேன், ஜோசி. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மெஷின் விஷயத்தில் ஒரு வாரமாக மூடியிருந்த வாய் திறந்தது.

"நான் சரி பண்ணினா என் மெஷின் போகும். அது தெரியுதா உங்களுக்கு?"

"உன் மெஷின், என் மெஷின்னு என்ன? வீட்டு மெஷின்தானே."

"உங்க சைக்கிளும் வீட்டு சைக்கிள்தானா?"

"அது ஆபீஸ் போறதுக்கு."

ஜோசஃபின் மூச்சை விட்டாள்.

"உனக்கு வேற ஒண்ணு வாங்கித் தரேன்" என்றான் பெர்னார்ட்.

"எப்போ?"

"பார்க்கலாம்."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு, சாயங்காலத்துக்குக் கேக் வாங்கி வரப் புறப்பட்டான். மெஷினைப் பற்றிய பேச்சு நல்லபடியாக முடிந்தது என்று அவன் முகம் சொன்னது.

*

மத்தியானம் டோரீன் தலைக்குக் குளிக்கப் போனாள். ஹாலில் ஜோசஃபினும் மெஷினும் தொப்பிகளும் மட்டும் இருந்தார்கள்.

தொடக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். ரெஜினாம்மாள் வரட்டும், பார்க்கட்டும். இந்தக் கைக்கு எதற்கு மெஷின் என்று அவளே சொல்லட்டும். டோரீன் கொஞ்சம் அழுவாள். பெர்னார்டுக்கு அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வந்தாள். பூக்கள் அங்கேயே நின்றன.

திரும்பவும் போய்க் குழம்பைக் கிளறினாள். கிளற ஒன்றுமில்லை.

வந்து உட்கார்ந்து ஒரு பூவை எடுத்தாள். பார்க்க மட்டும்.

அப்போதுதான் வெட்டியிருந்த விதம் கண்ணில் பட்டது. ஆறு இதழிலும் ஆறு கிளித்தலை. ஆறும் நடுவிலிருந்த ரோஜாவைப் பார்த்துக் குனிந்திருந்தன. ஒரு மூக்குக்கூடக் கோணவில்லை. அட்டையில் ஆறு மூலை ஓட்டை போட்டு, அந்தப் பெரிய துணிமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, டோரீன் வெட்டியது. இப்படி வெட்டத் தெரிந்தவளுக்குப் புள்ளியில் நிறுத்தத் தெரியவில்லை. இது எங்கேயாவது உண்டா?

பூவைத் திருப்பினாள். தாண்டியிருந்தது மூன்றே தையல். அடுத்த மூலையைப் பார்த்தாள். மூன்று. இன்னொரு பூவை எடுத்தாள். அதிலும் மூன்றுதான். கை தவறுகிறவர்கள் ஒரு நேரம் ஒன்று தாண்டுவார்கள், ஒரு நேரம் நாலு தாண்டுவார்கள். இவள் தவறுவதிலும் ஒழுங்கு வைத்திருந்தாள்.

அதில் ஏதோ இருக்கிறது என்று ஜோசஃபினுக்குப் பட்டது. ஆனால் அவளுக்கு எரிச்சல் முன்னால் நின்றது. நல்ல துணி. நல்ல வெட்டு. மூன்று தையலால் எல்லாம் பாழ்.

ஊசி முனையால் ஒரு மூலையின் மூன்று தையலைப் பிரித்தாள். நூலை இழுத்துப் பின்பக்கம் முடிச்சுப் போட்டாள். அந்த மூலை மட்டும் படுத்துக்கொண்டது.

ஒரு மூலை படுத்தும் மற்றவை எழும்பியும் இருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

டோரீன் கூந்தலை உலர்த்திக்கொண்டு வந்தபோது இஸ்திரிப்பெட்டியில் கரி சிவந்திருந்தது. மேஜைமேல் பூக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. காகிதத்தில் வரைந்து வைத்தது போல் தட்டையாக இருந்தன.

டோரீன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தாள். பூக்களைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"என்ன பண்ணினீங்க அண்ணி?"

"நீ பண்ணாததை."

டோரீன் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் வாசலில் ஜட்கா வந்து நின்றது.

*

ரெஜினாம்மாள் பருத்த உடம்புக்காரி. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கேக்கைத் தொடவில்லை. பூக்களைக் கொண்டுவரச் சொன்னாள்.

"பரவாயில்லையே. இவ்வளவு பெரிய டிசைன் துணியைச் சின்னச் சின்னதா வெட்டினா வெறும் இலைதான் மிஞ்சும்னு நினைச்சேன். கிளியெல்லாம் ரோஜாவை என்னமா பார்க்குது!"

"எல்லாம் டோரீன்தான்" என்றான் பெர்னார்ட். "மெஷின்ல உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டா. மெஷினைக் கல்யாணத்தன்னிக்கே வண்டியில ஏத்தி அனுப்பிடலாம், சம்பந்தியம்மா."

ஜோசஃபின் காப்பி கலக்கிறேன் என்று உள்ளே போனாள். டோரீன் பின்னாலேயே வந்தாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"ஏன் தொட்டீங்க?" அடிக்குரலில் கேட்டாள்.

"ஏன் தொடக்கூடாது?"

"ஒரு வாரமா உட்கார்ந்து கெடுத்தேன். ஒரு மத்தியானத்துல எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டீங்களே."

ஜோசஃபின் கையில் பால் பாத்திரம் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"வேணும்னேவா கெடுத்தே?"

"பின்னே? புள்ளியில நிறுத்தத் தெரியாதா எனக்கு? கான்வென்ட்ல எத்தனை வருஷம் தைச்சேன். பொண்ணுக்குத் தைக்க வரலைன்னா மெஷின் எதுக்குன்னு அவங்களே விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"கல்யாணத்தையே விட்டுட்டா?"

"விடமாட்டாங்க. அவரு விடமாட்டாரு."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் இதைப் பத்தி யார்கிட்டயும் பேசலையே அண்ணி. அண்ணன் மெஷினைத் தரேன்னு சொன்னப்போ, இது என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் உங்க பக்கம் நின்னிருப்பேன். நீங்க பாத்திரம் கழுவப் போயிட்டீங்க."

ஜோசஃபினுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பெர்னார்ட் கேட்காமல் கொடுத்தான். இந்தப் பெண் கேட்காமல் காப்பாற்றப் பார்த்தாள். தான் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு வைத்தாள். ஒரே வீட்டில் மூன்று பேர். ஒருவருக்கொருவர் வாய் பேசத் தெரியாத வீடு.

"அசடு" என்றாள்.

"யாரு?"

"கப்பை எடு."

*

ஹாலில் ரெஜினாம்மாள் ஒரு பூவைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெட்டித்துணியில் ஊசி போன ஓட்டை மூடாது. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாலும் மூடாது. ஜோசஃபினுக்கு இது தெரியும். அவசரத்தில் மறந்திருந்தாள். காப்பித் தட்டோடு ஹால் நிலைப்படியில் நின்றபோது ஞாபகம் வந்தது.

"இங்கே பிரிச்சிருக்கு" என்றாள் ரெஜினாம்மாள். "இந்த மூலையில மூணு ஓட்டை. இதிலேயும் மூணு. எல்லாப் பூவும் இப்படித்தான் இருக்கு."

"பழகிக்கும்போது..." என்று பெர்னார்ட் ஆரம்பித்தான்.

"பழகிக்கிறவளா? கைதேர்ந்தவன்னு சொன்னீங்களே."

பெர்னார்ட் கேக்கைத் தட்டோடு நகர்த்தி வைத்தான்.

ரெஜினாம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். குரல் உயரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. மெஷின்ல யார் வேணும்னாலும் தப்புத் தைக்கலாம். நானும் தைச்சிருக்கேன். ஆனா தைச்சது ஒருத்தர், திருத்தினது ஒருத்தரா இருந்தா, அதை என்கிட்ட சொல்லணும். நாளைக்கு ஓலை வாசிக்கச் சாமியார்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். பொய்யோட ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை."

பெர்னார்ட் ஜோசஃபினைப் பார்த்தான். ஏதாவது சொல்லேன் என்ற பார்வை. ஒரு வாரமாக அவள் பேசாமல் இருந்தது அவனுக்கு வசதியாக இருந்தது. இன்றைக்குப் பேசவேண்டுமாம்.

அவள் காப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"வாம்மா" என்று ரெஜினாம்மாள் டோரீனைக் கூப்பிட்டாள். "எல்லாம் வேணாம். ரெண்டு இதழ். நடுத்துண்டோட சேர்த்து எனக்கு முன்னாடி தைச்சுக் காட்டு. கண்ணால பார்த்துட்டா நான் காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்."

டோரீன் மெஷினில் உட்கார்ந்தாள். வெட்டி வைத்த துண்டுகளில் ஒரு ரோஜாவையும் இரண்டு கிளிகளையும் எடுத்தாள். பென்சில் புள்ளிகளைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றை வைத்தாள்.

முதல் கிளி ரோஜாவோடு சேர்ந்தது. புள்ளியிலிருந்து புள்ளி வரை. நூலை விட்டு அறுத்தாள். இரண்டாவது கிளியும் சேர்ந்தது. ரெஜினாம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெர்னார்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

இனி இரண்டு கிளிகளையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். வெளிமூலையில் தொடங்கி, ரோஜாவைத் தொடும் உள்மூலையில் முடிக்க வேண்டும். பூ படுப்பதும் எழும்புவதும் அந்த இடத்தில்தான்.

ஜோசஃபின் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். பித்தளைத் தட்டில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. புள்ளியில் நிறுத்தினால் டோரீன் கைதேர்ந்தவள். பூவில் தெரியும் ஓட்டைகளுக்கு அவளே ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு ஓலை, பிறகு கல்யாணம், மெஷின் நீலசந்திராவுக்குப் போகும். தாண்டினால் மெஷின் இங்கேயே இருக்கும். ஆனால் பெர்னார்ட் சொன்னது பொய்யாகும். ரெஜினாம்மாள் பொய்யோடு ஆரம்பிக்கிறவள் இல்லை.

இரண்டுமில்லாமல் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அது ஜோசஃபினே வாயைத் திறப்பது.

ஊசி ஏறி இறங்கியது. கிளியின் கழுத்தைத் தாண்டியது. மூக்கைத் தாண்டியது. பென்சில் புள்ளிக்கு முன்னால் வந்ததும் டோரீன் உள்ளங்கையைச் சக்கரத்தின்மேல் வைத்தாள். மெஷின் நின்றது. ஊசி துணிக்குள் இருந்தது.

அவள் ரெஜினாம்மாளைப் பார்க்கவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி ஜோசஃபினைப் பார்த்தாள்.

"அண்ணி, மெஷின் உங்களோடது. நிறுத்தட்டுமா, தாண்டட்டுமா? நீங்களே சொல்லுங்க."